மேடையும் சரிதையும்: சிறுவருக்கான வாழ்க்கை வரலாறுகள் குறித்துச் சில சிந்தனைகள்

சிறுவர் இலக்கியம் பற்றிய கருத்தரங்குகளும் மகாநாட்டு அமர்வுகளும் கொழும்பிலே அடிக்கடி நடைபெறுகின்றன. அத்தகைய அமர்வொன்றிலே ‘சிறுவருக்கு வாழ்க்கை வரலாறு எழுதுதல்’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு நாமும் அழைக்கப்பட்டிருந்தோம். வெள்ளவத்தையிலே, ஒரு சனிக்கிழமை முற்பகல். நமக்கு முன் பேசிய ஐவரும் சொற்கள் எளியனவாக இருத்தல் வேண்டும், வாக்கியங்கள் குறுகியனவாக இருத்தல் வேண்டும், பக்கத்துக்கொரு படமேனும் வேண்டும், பெரியோரின் நற்பண்புகளை எடுத்துக்காட்டல் வேண்டும் என்று வற்புறுத்தினர். அவை யாவும் ஏற்கத்தக்கனவே. ஆயினும் யாருடைய வாழ்க்கை, எவராலே தெரிந்தெடுக்கப்பட்டு, எவற்றை விலக்கி எழுதப்படுகிறது என்னும் வினா அங்கு எழவில்லை. நமது உரையும் முன்னையோர் கூறியவற்றை ஆமோதிப்பதோடு நின்றுவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். அன்று கூறாது விட்டதனை இங்கு எழுத முற்படுகிறோம்.

ஈழத்துத் தமிழிலே சிறுவருக்கான வாழ்க்கை வரலாறு வாசிப்பதற்கென்று தோன்றிய இலக்கிய வகையன்று. அது மேடையிலே பிறந்து, மேடைக்காகவே வளர்ந்தது. குருபூசை, நினைவுதினம், சிலைத்திறப்பு, நூற்றாண்டு விழா ஆகியனவே அதன் பிறப்பிடங்கள். இவ்வுண்மையைக் கருத்திற் கொள்ளாது, வாக்கியத்தைச் சுருக்குவதாலோ படத்தைப் பெருக்குவதாலோ அவ்வகையைச் சீர்செய்துவிட முடியாது.

இதன் வரலாற்றுப் பின்னணியைச் சற்று நோக்குவோம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்திலே அச்சு, பாடசாலை, பிரசங்கம் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே காலத்தில் மிஷனரிமாரின் கையிலிருந்து சைவரின் கைக்கும் வந்து சேர்ந்தன. ஆறுமுக நாவலர் (1822-1879) வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது முதலாவது பிரசங்கத்தை நிகழ்த்தியது 1847ஆம் ஆண்டின் இறுதி நாளன்று. அடுத்த ஆண்டிலே சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கப்பட்டது. 1850களிலே பாலபாடங்கள் வெளிவரலாயின; 1852இலே பெரியபுராணம் வசன உருவம் பெற்றது. பிரசங்கம் செய்தவரும், பாடசாலை நடத்தியவரும், பாடநூல் எழுதியவரும், அடியார் சரிதங்களை வசனமாக்கியவரும் ஒருவரே என்பது மனங்கொள்ளத்தக்கது. தமிழ்ச் சிறுவன் உரைநடையிலே வாசித்த முதற் சரிதங்கள் அடியார் சரிதங்களாகவே இருந்திருக்கும். பிறப்பிலேயே தெய்வ அருள், இளமையிலேயே அற்புதம், இடையிலே ஒரு சோதனை, முடிவிலே சிவபதம் என்னும் அமைப்பு அங்கிருந்தே வருகிறது. பின்வந்தோர் சிவபதத்தை எடுத்துவிட்டு அவ்விடத்திலே ‘அழியாப் புகழ்’ என்று எழுதினர். அமைப்பு மாறவில்லை.

இதற்குச் சமாந்தரமாக வேறொரு மரபும் ஈழத்திலே இருந்தது. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் புலவர் வரலாற்று நூலை ஆங்கிலத்திலே எழுதி 1859இல் வெளியிட்டார். ‘உதயதாரகை’ ஆசிரியராக விளங்கிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்னும் நூலைத் தமிழிலே தந்தார். இவை அகரவரிசையிலே அமைந்தவை. புலவர் காலம், நூல், செவிவழிச் செய்தி என்பவற்றைத் தொகுத்துக் கூறுபவை. குறைகள் பல இருப்பினும், மனிதரை மனிதராகக் கொண்டு தகவல் தேடும் போக்கு இவற்றிலே உண்டு. நாவலர் மறைந்து மூன்றாண்டுகளில், 1882இலே, வே. கனகரத்தின உபாத்தியாயர் எழுதிய ‘ஆறுமுகநாவலர் சரித்திரம்’ வெளிவந்தது. பின்னாளிலே நாவலரின் தமையன் மகனாகிய த. கைலாசபிள்ளையும் ஒரு சரித்திரம் எழுதினார். ஒரு தலைவனின் வாழ்க்கையை எழுதும் உரிமை மாணாக்கருக்கும் உறவினருக்கும் உரியதாகக் கருதப்பட்ட காலம் அது. இன்றும் நிலைமை பெரிதும் மாறிவிட்டதாகத் தோன்றவில்லை.

பாட்டுத் துறையோடு ஒப்பிட்டால் இக்குறை தெளிவாகும். 1930களிலே கல்வியதிகாரி க. ச. அருள்நந்தியின் முயற்சியாலே சிறுவர் பாடல்கள் தொகுக்கப்பட்டு, 1935இலே ‘பிள்ளைப் பாட்டு’ வெளிவந்தது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ‘ஆடிப்பிறப்பு’, ‘கத்தரி வெருளி’ போன்ற பாடல்களிலே தோட்டமும் அடுக்களையும் பிள்ளைகளின் சிரிப்பும் இடம்பெற்றன. பாட்டிலே சிறுவன் சிறுவனாக மதிக்கப்பட்டான். சரிதையிலோ அவன் பக்தனாகவே வைக்கப்பட்டான்.

தமிழகத்திலும் இவ்வகை எழுத்து மேடையோடும் சங்கத்தோடும் இணைந்தே வளர்ந்தது. 1950இலே சென்னையிலே குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. அதன் உயிர்நாடியாக விளங்கிய அழ. வள்ளியப்பா (1922-1989) ‘பாட்டிலே காந்தி கதை’, ‘பெரியோர் வாழ்விலே’, ‘சின்னஞ்சிறு வயதில்’ முதலிய நூல்களை எழுதினார். பெரியோரின் குழந்தைப் பருவத்தை எடுத்துக்காட்டியமை ஒரு முன்னேற்றமே. வாசிக்கும் பிள்ளை அங்கே தன் வயதொத்த ஒரு பிள்ளையைக் காண்கிறது. ஆனால் அவரைப் பின்பற்றியோர் கையிலே அது ‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்னும் பழமொழியின் விளக்கமாகச் சுருங்கிவிட்டது. இப்பழமொழியை நாம் சற்று ஐயத்தோடு நோக்குதல் நன்று. பெருமை பிறப்பிலேயே உள்ளது, சூழல் அதனை வெளிப்படுத்துகிறதேயன்றி ஆக்குவதில்லை என்பதே அதன் உட்கிடக்கை. நிலமானியச் சமுதாயத்திலே குலத்துக்குக் கூறப்பட்ட நியாயமும் இதுவேதான். நிலம், நீர், உரம், உழைப்பு என்பன இன்றி எந்த முளையும் பயிரானதில்லை என்பதை உழவர் வீட்டுப் பிள்ளை நன்கறியும்.

இனி, கொழும்பு நிலைமைக்கு வருவோம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சிறுவர்க்கான வாழ்க்கை வரலாறு உயிரோடிருப்பது நூல்நிலையத்திலன்று, பேச்சுப்போட்டியிலே. 1942இலே நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் தொடக்கம் சனசமூக நிலையங்கள், அறநெறிப் பாடசாலைகள் வரை எங்கும் இப்போட்டிகள் நடைபெறுகின்றன. நாள் அறிவிக்கப்பட்டதும் தந்தையோ ரியூசன் ஆசிரியரோ மூன்று நிமிடத்துக்கு ஓர் உரையை எழுதுவர். பிள்ளை அதனை மனனஞ் செய்யும். எந்தச் சொல்லிலே குரலை உயர்த்துவது, எவ்விடத்திலே வலக்கையை நீட்டுவது என்பனவும் பழக்கப்படும். ஆகவே நமது பிள்ளை வாழ்க்கை வரலாற்றின் வாசகன் அல்லன்; அதன் ஒலிபெருக்கி. வாசகன் இடையிலே நிறுத்தி ‘ஏன்’ என்று கேட்கக் கூடும். ஒலிபெருக்கி கேட்பதில்லை. சிறுவர்க்கான சரிதை நூல்கள் பலவற்றின் நடையும் இதற்கேற்பவே அமைந்துவிட்டது. அவற்றை உரத்து வாசித்துப் பார்த்தால், பத்தி முடியும் இடமெல்லாம் கைதட்டலுக்கு விட்ட இடமாகவே இருக்கும்.

கொட்டாஞ்சேனையிலே நடந்த அத்தகைய போட்டியொன்றுக்கு நாமும் ஒருமுறை நடுவராகச் சென்றோம். பொருள், சுவாமி விபுலாநந்தர். பதினான்கு பிள்ளைகள் பேசினர். பதினொருவர் காரைதீவு, 1892, தவப்புதல்வர் என்று ஏறத்தாழ ஒரே வாக்கியத்தோடு தொடங்கினர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அடிகள் 1931 முதல் 1933 வரை பணியாற்றிய காலத்தில், அருகிலுள்ள திருவேட்களத்துச் சேரியிலே இரவுப் பாடசாலை நடத்தினார் என்பது எல்லா உரைகளிலும் வந்தது. ‘என்னே அவரது கருணை’ என்பது அதனைத் தொடர்ந்து வந்தது. போட்டி முடிந்து புள்ளிகள் எழுதப்பட்டபின், வெளியே நின்ற ஒரு சிறுமியிடம், “அவர் ஏன் இரவிலே படிப்பித்தார்?” என்று கேட்டோம். ஒரு கணம் நம்மைப் பார்த்துவிட்டு, “பகல்ல அவங்க வேலைக்குப் போயிருவாங்கதானே, சேர்” என்றாள். பதினான்கு உரைகளிலும், நாமறிந்த சிறுவர் நூல்களிலும் இல்லாத வாக்கியம் இது. கருணை என்னும் சொல் மறைத்துவிட்ட உழைப்பை அவள் ஒரே வாக்கியத்திலே மீட்டுவிட்டாள். அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. உச்சரிப்பு, நினைவாற்றல், மெய்ப்பாடு என மூன்று நிரல்களே நமது புள்ளித்தாளில் இருந்தன.

விபுலாநந்தரின் வாழ்க்கை உண்மையிலேயே சிறுவர்க்கு உவப்பானது. மயில்வாகனன் என்னும் இளைஞர் விஞ்ஞானம் கற்றார், கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிலே பயின்றார், மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார், துறவு பூண்டார், பேராசிரியரானார், கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டார், பழந்தமிழ் யாழை ஆராய்ந்து ‘யாழ் நூல்’ எழுதினார், அது 1947 யூனிலே அரங்கேறியது, யூலையிலே மறைந்தார். கணக்கும் இசையும் ஒரே மனிதரிடம் எவ்வாறு கூடின, கிழக்கிலங்கைக் கிராமமொன்றின் பிள்ளைக்கு ஆங்கிலக் கல்வி எந்த வழியாகக் கிட்டியது என்பன போன்ற வினாக்கள் எந்தப் பிள்ளையையும் ஈர்க்கும். மேடைச் சரிதையோ அவற்றையெல்லாம் ‘முத்தமிழ் வித்தகர்’ என்ற பட்டத்துள் அடக்கிவிடுகிறது. பட்டம் வந்தவுடன் கேள்வி நின்றுவிடுகிறது.

சேர். பொன். இராமநாதன் (1851-1930) விடயம் இதனினும் சிக்கலானது. கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள கொச்சிக்கடையிலே அவர் கருங்கல்லிற் புதுப்பித்த பொன்னம்பலவாணேசர் கோயிலை அப்பகுதிப் பிள்ளைகள் நாள்தோறும் காண்கின்றனர். அவர்கள் மேடையிலே ஒப்புவிக்கும் முக்கிய நிகழ்ச்சி 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னையது. இராணுவச் சட்டத்தின் கொடுமையை எதிர்த்து, கைதான சிங்களத் தலைவர்களுக்காக அவர் வாதாடினார். இங்கிலாந்திலிருந்து திரும்பியபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்களே அவரது வண்டியை இழுத்துச் சென்றனர். காட்சி அழகானது, பிரித்தானிய ஆட்சியின் அடக்குமுறையை எதிர்த்தமையும் போற்றற்குரியது. ஆனால் 1915இலே தாக்கப்பட்டோர் யார்? அவர்கள் முஸ்லிம்கள். நாமறிந்த மேடைச் சரிதைகளிலே அவர்கள் இடம்பெறுவதில்லை. கொட்டாஞ்சேனை வகுப்பறையிலே, வண்டி இழுக்கப்பட்ட கதையை ஒப்புவிக்கும் பிள்ளைக்கு அடுத்த வாங்கிலே ஒரு முஸ்லிம் பிள்ளை இருக்கக் கூடும் என்பதை இவற்றை எழுதியோர் எண்ணியதாகத் தெரியவில்லை. அவ்வாறே டொனமூர் ஆணைக்குழு விதந்துரைத்த சர்வசன வாக்குரிமையை இராமநாதன் வன்மையாக எதிர்த்தார் என்பதும் சொல்லப்படுவதில்லை. 1931இலே அவ்வாக்குரிமை நடைமுறைக்கு வந்ததனாலேயே அப்பிள்ளைகளின் பாட்டனாரும் பாட்டியாரும் வாக்களித்தனர். இராமநாதனை இழித்துரைத்தல் நமது நோக்கமன்று. அவரது வர்க்கத்தின் வீரமும் அச்சமும் ஒரே வாழ்க்கையிலே இருந்தன என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை விளங்கிக்கொள்ளும் என்பதே நமது வாதம். வீட்டிலே பெரியவர்கள் ஒரு நாள் நல்லவராகவும் மறுநாள் வேறாகவும் இருப்பதை அது காணாமலா இருக்கிறது?

நாவலர் பற்றியும் இவ்விடத்திலே கூறல் வேண்டும். இது நம்மவர் சம்பந்தப்பட்டது. 1954இலே தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தினர் நாவலரைத் தேசிய எழுச்சியின் முன்னோடியாக முன்னிறுத்தினர். நூற்றாண்டு மலர் (1979) பேராசிரியர் க. கைலாசபதியைப் பதிப்பாசிரியராகக் கொண்டே வெளிவந்தது. காலனித்துவ எதிர்ப்பு என்னும் பகைப்புலத்திலே அது நியாயமான மதிப்பீடே. 1870களின் பஞ்சத்திலே கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தியமையும், அரசாங்க அதிபர் துவைனத்தின் நிருவாகத்தைத் துணிந்து கண்டித்தமையும் பிள்ளைகள் அறியவேண்டிய செய்திகளே. ஆயின் சாதியாசாரத்தை அவர் பேணினார் என்பதும் உண்மை. 1966இன் ஒக்டோபர் எழுச்சியிலும் 1968இன் மாவிட்டபுர ஆலயப் பிரவேசத்திலும் போராடியோரின் பிள்ளைகளுக்கு, நாவலரைப் பற்றி எதனைச் சொல்வது? இவ்வினா எழும்போதெல்லாம் நம்மவருட் சிலர், ‘சிறுவர்க்கு அது வேண்டாம்’ என்று நழுவினர். சைவ மேடை மறைத்ததை முற்போக்கு மேடையும் மறைத்தது. ஒருவர் பக்தி காரணமாகவும் மற்றவர் தந்திரோபாயம் காரணமாகவும் மறைத்தனர் என்பதே வேறுபாடு.

சோசலிச நாடுகளின் அனுபவமும் இரு பக்கங்களையுடையது. 1916ஆம் ஆண்டின் இறுதியில், உலகப் போர் நடந்துகொண்டிருக்கையில், மாக்சிம் கோர்க்கி ஐரோப்பிய எழுத்தாளரும் அறிஞருமான சிலருக்குக் கடிதங்கள் எழுதினார். சிறுவர்க்கு வாழ்க்கை வரலாறுகள் எழுதித் தருமாறு கேட்டார். ரொமெயின் ரோலண்ட் பேத்தோவனைப் பற்றியும், எச். ஜி. வெல்ஸ் எடிசனைப் பற்றியும், நான்சென் கொலம்பசைப் பற்றியும், திமிர்யாசெவ் டார்வினைப் பற்றியும் எழுதவேண்டும். தாம் கரிபால்டியைப் பற்றி எழுதுவதாக அவர் திட்டமிட்டார். போரிலே ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த நாடுகளின் பிள்ளைகளுக்கு, எல்லாத் தேசங்களுக்கும் பொதுவான மனிதரை அறிமுகப்படுத்தும் எண்ணம் அது. அவரது தெரிவிலே இசைஞரும், பொறியியலாளரும், விஞ்ஞானியும் இருந்தமை நோக்கத்தக்கது. பாவ்லென்கோவ் 1890இலே தொடங்கிய சான்றோர் வரலாற்று வரிசையை 1933இலே மீண்டும் உயிர்ப்பித்தவரும் கோர்க்கியே. ஆனால் அதே 1930களிலே, 1932இற் கொலையுண்ட பாவ்லிக் மொரோசொவ் என்னும் சிறுவன், தந்தையைக் காட்டிக்கொடுத்தமைக்காக வீரப்பிள்ளையாக்கப்பட்டு, சோவியத் பிள்ளைகள் முன் நிறுத்தப்பட்டான். அதுவும் மேடைதான். அடியார் சரிதத்தின் அமைப்பை அங்கும் காணலாம். பிளெக்கானோவ் வரலாற்றிலே தனிமனிதரின் பங்குபற்றி 1898இலே எழுதிய கட்டுரையைப் படித்தோர் நிறைந்த நாட்டிலேயே இது நிகழ்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இங்கு எழுதப்படாத வாழ்க்கைகள் எவை? கொழும்பிலே 1920களில் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்திய கோ. நடேசய்யர், வெளியார் நுழையமுடியாத தோட்டங்களுக்குள் புடைவை வியாபாரியாக வேடமிட்டுச் சென்று தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தார் என்பர். 1931இலே தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1936இலே அற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவரது துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களிலே, கணவர் பேசுமுன், தாம் இயற்றிய பாடல்களைப் பாடுவார். வேடமிட்டுச் சென்ற ஒருவர், மேடையிலே பாடிய ஒரு பெண்: சிறுவர் கதைக்கு இதனினும் வேறென்ன வேண்டும்? சாரல்நாடன் 1988இலே வெளியிட்ட ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ வளர்ந்தோர்க்கான அரிய நூல். அதனைப் பிள்ளைகளுக்கென எவரேனும் மீள எழுதுதல் வேண்டும்.

டொமினிக் ஜீவாவும் (1927-2021) அத்தகையவர். 1966இலே யாழ்ப்பாணத்திலே அவர் தொடங்கிய ‘மல்லிகை’ பிற்காலத்திலே கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வெளிவந்தது. மாதந்தோறும் அட்டையிலே ஒருவரது படத்தையிட்டு உள்ளே அவரைப் பற்றி எழுதச் செய்த வழக்கம், ஈழத்திலே வாழ்க்கை வரலாற்றுக்குக் கிடைத்த சனநாயகப் பயிற்சி எனலாம். அவரது தன்வரலாறாகிய ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’ (1999), சாதியைச் சொல்லி ஆசிரியரொருவர் இழிவுபடுத்தியதால் ஒரு பிள்ளை பாடசாலையை விட்டு நீங்கி, தந்தையின் சவரக்கடையிலே தொழில் பழகியவாறே வாசகனாகியதைக் கூறுகிறது. வெள்ளவத்தை அமர்விலே, தேநீர் வேளையில், இந்நூலைச் சிறுவர்க்குச் சுருக்கித் தரலாமே என்றோம். ஆசிரியரைக் குறைகூறும் கதையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று ஓர் அதிபர் தயங்கினார். அருகே நின்ற இளம் ஆசிரியை, “கொடுக்கத்தான் வேணும் ஐயா, முதல்லை நாங்கள் வாசிக்கவேணும்” என்றார். அமர்வு முழுவதிலும் பேசப்பட்டவற்றுள் பயனுள்ளது அதுவே என நமக்குத் தோன்றியது. ஆனால் அது நிகழ்ச்சிநிரலுக்கு வெளியே பேசப்பட்டது.

அந்த மண்டபத்திலிருந்து நடந்துபோகக்கூடிய தூரத்திலேதான் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்தது. 1933இலே அதன் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அவர்களுட் பெரும்பாலோர் இந்தியர், ஏனையோர் சிங்களவர். ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கம் அவர்களுக்கெதிராக நிற்க, வாலிப முன்னணியினர் துணைநின்றனர், கொல்வின் ஆர். டி சில்வா ஆலைத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவராயிருந்தார். இந்நாட்டு இடதுசாரி இயக்கத்தின் தொடக்க அத்தியாயங்களுள் ஒன்று அது. கொல்வினின் வாழ்க்கையை எழுதுவோர் இந்நிகழ்ச்சியை ஒரு பத்தியிலே குறிப்பிடுவர். தறியடியிலே நின்றவர்களின் பெயர்களை, நாமறிந்தவரை, எவரும் எழுதவில்லை. அவ்விடத்திலே இப்போது ஹவ்லொக் சிற்றி அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. அவற்றின் கீழாகப் பிள்ளைகள் ரியூசன் வகுப்புக்குப் போகின்றனர். அங்கே ஓர் ஆலை இருந்தது என்று கூறும் தமிழ்ச் சிறுவர் நூல் எதனையும் நாம் இதுவரை கண்டிலோம்.